சேர்வராயன் மலைக் காப்பியும் இலைத்துரு நோயும்

சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் 1820களில் அன்றைய சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் முயற்சியால் தொடங்கியது. ஏற்காட்டின் கிரேஞ்ச் தோட்டம் அவர் அமைத்ததே. இன்று மலையாளிப் பழங்குடியினரும் சிறு நிலங்களில் காப்பி வளர்க்கின்றனர்.

1869-இல் இலங்கைத் தோட்டங்களில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் விரைவில் தென்னிந்தியாவுக்கும் பரவியது. செடியின் இலைகளை உதிர்த்து விளைச்சலைக் குலைப்பது இது. நோய்க்குக் காரணமான பூஞ்சையை மார்ஷல் வார்டு 1880களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆராய்ந்தார். தனியொரு தோட்டக்காரர் அத்தகைய அறிஞரை வைத்துக்கொள்வது இயலாத காரியம். அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவை இரண்டு: 1893-இல் பெங்களூரில் உருவான உபாசி என்னும் தோட்டக்காரர் சங்கம், 1925-இல் மைசூர் அரசு பாலேஹொன்னூர் அருகே நிறுவிய ஆராய்ச்சி நிலையம்.

அறிவு ஒரு பக்கமாக மட்டும் பாயவில்லை என்பதே இதில் சுவையான செய்தி. நோயைத் தாங்கி நின்ற ‘கென்ட்ஸ்’ ரகத்தை முதலில் தெரிந்தெடுத்தவர் மைசூர்ப் பகுதித் தோட்டக்காரர் ஒருவர். அதனுடன் எஸ்.288 ரகத்தைக் கலந்து நிலையத்தார் உருவாக்கிய எஸ்.795, 1940களில் வெளிவந்தது. சேர்வராயன் மலையில் இன்றும் பயிராகிறது. ஆனால் பூஞ்சையும் புதுப்புது வகைகளாக மாறி அதைத் தாக்கியது. அதன்பின் வந்தது ‘காவேரி’. பெயர்தான் நம் ஆற்றினுடையது. மூலவிதை போர்ச்சுக்கல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது.