பழைய விலைக் கலகம்

நாடக வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நாடகாசிரியரையும் நடிகரையும் பற்றியே எழுதிச் சென்றனர். கொட்டகையின் மறுபாதியை நிறைத்திருந்த மக்களைப் பற்றி அவர்கள் கூறியது சொற்பம். சுவைஞன் என்பவன் காசு கொடுத்து உள்ளே வந்து, கைதட்டி, வீடு திரும்புபவன் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் நாடகத்தின் மீது கொண்ட பற்று மக்களைப் போராட்டத்துக்கும் இட்டுச் செல்லும். 1809 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நிகழ்ந்த பழைய விலைக் கலகம் இதற்குத் தக்க சான்றாகும்.

இக்கலகத்தை விளங்கிக்கொள்ள, அன்றைய ஆங்கில அரங்கின் அமைப்பை நாம் முதலில் நோக்குதல் வேண்டும். 1660 களில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் வழங்கிய அரச சாசனங்களும் 1737 ஆம் ஆண்டின் உரிமச் சட்டமும் சேர்ந்து, வசன நாடகம் நடிக்கும் உரிமையை இலண்டனின் ட்றூறி லேன், கொவென்ற் கார்டன் என்னும் இரு அரங்குகளின் ஏகபோகமாக்கின. பிற்காலத்தில் ஹேமார்க்கெற் அரங்குக்குக் கோடையில் மட்டும் இடமளிக்கப்பட்டது. ஏனைய சிறு அரங்குகள் இசை, நடனம், ஊமைக்கூத்து ஆகியவற்றோடு அமைதி காண வேண்டியிருந்தது. வசனம் மறுக்கப்பட்ட அவ்வரங்குகளிலேயே மக்களுக்கு உவப்பான இசை நாடக வடிவங்கள் செழித்தன என்பது சுவையான வரலாற்று முரண். எனினும் ஷேக்ஸ்பியரின் சொல்லை மேடையில் கேட்க விரும்பிய எழுதுவினைஞனும் கடைச் சிப்பந்தியும் அவ்விரு பேரரங்குகளையே நாட வேண்டியிருந்தனர்.

1808 செப்டெம்பரில் கொவென்ற் கார்டன் தீக்கிரையாயிற்று. 1809 பெப்ரவரியில் ட்றூறி லேனும் எரிந்தது. கொவென்ற் கார்டனுக்கெனக் கட்டடக் கலைஞர் றொபேட் ஸ்மேர்க் வகுத்த புதிய மாளிகை 1809 செப்டெம்பர் 18 ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று அரங்கேறிய நாடகம் மக்பெத். அரங்கின் முகாமையாளரான யோன் பிலிப் கெம்பிள் மக்பெத்தாகவும், அவருடைய தமக்கை சேரா சிடன்ஸ் மக்பெத் சீமாட்டியாகவும் தோன்றினர். அக்காலத்தின் தலைசிறந்த நடிகர் இவர்களே எனலாம். ஆயினும் கெம்பிள் வாய் திறந்தபோது அவருடைய சொல் ஒன்றேனும் எவர் செவியிலும் விழவில்லை. “பழைய விலை! பழைய விலை!” என்ற முழக்கமே மண்டபத்தை நிறைத்தது. நீதவான்கள் மேடையேறிக் கலகச் சட்டத்தை வாசித்தனர். மக்கள் அசையவில்லை.

சினத்துக்குக் காரணம் யாது? கட்டடச் செலவைக் காட்டி, கீழ்த்தளத்தின் கட்டணத்தை மூன்றரை ஷிலிங்கிலிருந்து நான்கு ஷிலிங்காகவும், மாடங்களின் கட்டணத்தை ஆறிலிருந்து ஏழு ஷிலிங்காகவும் நிருவாகம் உயர்த்தியது. ஆறு பென்ஸ் உயர்வுக்கு இத்துணை ஆரவாரமா என்று கேட்போர் உளர். ஆனால் விலையோடு வேறொன்றும் மாறியிருந்தது. முன்னர் பொதுமக்கள் அமர்ந்த மூன்றாம் அடுக்கு, செல்வர்க்கு ஆண்டு வாடகைக்கு விடப்படும் தனி மாடங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி அறையும் அமைக்கப்பட்டது. ஏழை மக்களுக்குரிய மேற்தளமோ கூரையை ஒட்டி ஒதுக்கப்பட்டது. அங்கிருந்தோர் நடிகரின் முகத்தையன்று, காலையே கண்டனர் என்று எள்ளி நகையாடினர். ஒரே கூரையின் கீழ் ஒரே நாடகத்தைக் கண்ட சமூகத்தை வர்க்கத்துக்கொரு தடுப்புச் சுவராகப் பிரித்ததே உண்மையான குற்றச்சாட்டு.

போராட்டம் 67 இரவுகள் நீடித்தது. மூன்றாம் அங்கம் முடிந்தபின் அரைக் கட்டணத்தில் உள்ளே வரும் வழக்கம் அன்று இருந்தது. பல இரவுகளில் ஆரவாரம் அவர்கள் வந்த பின்னரே உச்சம் பெற்றது. பார்வையாளர் மேடைக்கு முதுகு காட்டி நின்றனர், கிலுகிலுப்பை, மணி, கொம்பு ஆகியவற்றை ஒலித்தனர், பதாகைகளை விரித்தனர், தொப்பிகளில் ‘பழைய விலை’ என்பதன் முதலெழுத்துகளை அணிந்தனர், தமக்கெனத் தனி நடனம் ஒன்றையும் ஆக்கிக்கொண்டனர். மேடையில் நாடகம் நடக்க, கொட்டகையில் மக்களே மற்றொரு நாடகத்தை நடத்தினர் என்று கூறின் மிகையாகாது.

நிருவாகம் முதலில் பிரமுகர் குழு ஒன்றிடம் கணக்கைக் காட்டியது. குழு நிருவாகத்துக்குச் சாதகமாகவே கூறிற்று. மக்கள் அதனை ஏற்கவில்லை. அடுத்து, டானியல் மென்டோசா முதலிய குத்துச்சண்டை வீரர்களைக் கூலிக்கு அமர்த்திக் கீழ்த்தளத்தில் புகுத்தியது. இதனால் வெறுப்பு மேலும் வளர்ந்தது. ஹென்றி கிளிபோட் என்னும் வழக்கறிஞர் தொப்பியில் அவ்வெழுத்துகளை அணிந்தமைக்காகப் பிடிக்கப்பட்டார். அவர் அரங்கப் பணியாளர் பிரண்டன் மீது வழக்குத் தொடுத்தார். யூரிமார் அவருக்கு ஐந்து பவுண் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தனர். தொகை சிறிது, ஆனால் அதன் பொருள் பெரிது. 1809 டிசெம்பர் 14 ஆம் நாள் கெம்பிள் ஒரு விருந்து மண்டபத்தில் எதிரணியினரைச் சந்தித்து இணங்கினார். கீழ்த்தளக் கட்டணம் மூன்றரை ஷிலிங்காகக் குறைந்தது, தனி மாடங்களைக் குறைப்பதாக உறுதியளிக்கப்பட்டது, பிரண்டன் நீக்கப்பட்டார். தாம் திருப்தியடைந்ததாக மக்கள் பதாகை உயர்த்தினர். 1810 செப்டெம்பரில் மாடங்கள் பற்றிய வாக்குறுதி நிறைவேறாதது கண்டு மீண்டும் குரலெழுப்பி, அதனையும் பெற்றனர்.

இவ்வெற்றியை நாம் மிகைப்படுத்தலாகாது. முன்னணியில் நின்றோர் வழக்கறிஞரும் வணிகரும் எழுதுவினைஞருமாகிய நடுத்தர வகுப்பினரே. மாடங்களின் ஏழு ஷிலிங் குறையவில்லை. மேற்தளத்து ஏழையின் நிலையும் பெரிதாக மாறவில்லை. அன்றியும், இத்தாலியப் பாடகி அஞ்சலிக்கா கற்றலானியைப் பேரூதியத்துக்கு ஒப்பந்தம் செய்தமைக்கு எதிரான குரலில் அந்நியர் வெறுப்பும், மென்டோசா முதலியோர்க்கு எதிரான குரலில் யூத வெறுப்பும் கலந்திருந்தன. நியாயமான கோரிக்கையின் தோளிலும் நச்சுக் கருத்துகள் ஏறிச் செல்லும் என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கின்றது. நெப்போலியனோடு போர் நடந்த அக்காலத்தில் அரசியற் கூட்டங்கள் ஐயத்துடன் நோக்கப்பட்டன. பொதுமக்கள் இரவுதோறும் திரளாகக் கூடுவதற்கு இருந்த சில இடங்களில் நாடகக் கொட்டகை ஒன்று. அங்கே நின்றுகொண்டு, ‘இது உன் சொத்தாயிருக்கலாம், ஆனால் நாடகம் எங்களுடையதுமாகும்’ என்று அவர்கள் உரைத்தனர். நாடகத்தை வெறுத்தவர்கள் இவ்வாறு போராடவில்லை. அதனை இழக்க மனமின்றியே போராடினர். ஏகபோகம் 1843 ஆம் ஆண்டின் அரங்கச் சட்டத்தால் ஒழிந்தது.

இன்றும் உலகின் பெருநகரங்களில் புகழ்பெற்ற இசை நாடகங்களின் நுழைவுச்சீட்டு உழைப்பவன் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றது. கலை மக்களுக்கே என்று மேடையில் முழங்குவது எளிது. அம்மேடைக்கு முன்னே யார் அமர முடிகின்றது என்று கேட்பதே கடினம். 1809 இல் அக்கேள்வியைக் கேட்டவர்கள் அறிஞரல்லர். நாடகத்தை நேசித்த சாதாரண சுவைஞர்.