நியூசன்ஸ்னா யாரு?

எங்க ஊர் மரக்காணம் பக்கம். கிழக்கே உப்பளம், மேற்கே மல்லாட்டைக் கொல்லை. பட்டணத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்றேன், மல்லாட்டைன்னா வேர்க்கடலைதான்.

1990-களோட தொடக்கத்துல கடலோரம் பூரா இறால் பண்ணை வந்துச்சு. எங்க கொல்லைக்குப் பக்கத்துலயும் குட்டை வெட்டி உப்புத் தண்ணியை நிறுத்தினாங்க. ரெண்டு வருஷத்துல எங்க கேணித் தண்ணி கரிக்க ஆரம்பிச்சுது. செடியெல்லாம் இலை நுனி கருகிப் போச்சு. அப்பா மனு எழுதிக்கிட்டு ஓர் ஆபீசுக்கு மூணு தடவை போனாரு. மூணாவது தடவை அங்க ஒருத்தர், "யோவ், உன்னால பெரிய நியூசன்ஸா இருக்குய்யா"ன்னு சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்து, "நியூசன்ஸ்னா என்னடா?"ன்னு என்னைக் கேட்டாரு. "தொல்லைப்பா"ன்னேன். அதுக்கப்புறம் அவர் அந்தப் பக்கமே போகலை.

அந்தச் சொல்லோட வரலாற்றை ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தேடிப் படிச்சேன். லத்தீன்ல கெடுதல் செய்யறதைக் குறிக்கிற சொல் அதுக்கு மூலம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்பவும் கெடுதல்னுதான் அர்த்தம். அடுத்தவன் நிலத்தை நிம்மதியா அனுபவிக்க விடாமப் பண்றதை இங்கிலாந்துக் கோர்ட்டுங்க நியூசன்ஸ்னு சொல்லிச்சு. 1610-லயே, வீட்டுக்குப் பக்கத்துல பன்றிக் கொட்டகை போட்டு நாத்தம் அடிக்குதுன்னு ஒருத்தர் வழக்குப் போட்டு ஜெயிச்சிருக்காரு. எரிச்சல், தொந்தரவுங்கிற லேசான அர்த்தமெல்லாம் பின்னாடி ஒட்டிக்கிட்டது.

நம்ம ஊருக்கு இந்தச் சொல் சட்டத்தோட வந்துச்சு. 1860 இந்திய தண்டனைச் சட்டம், 268-வது பிரிவு. அக்கம்பக்கத்துல குடியிருக்கிற ஜனங்களுக்குப் பொதுவா கேடோ ஆபத்தோ தொல்லையோ உண்டாக்கினா அது பொதுத் தொல்லை. அதனால யாருக்கோ லாபம் இருக்குங்கிறது சாக்கு ஆகாதுன்னும் அதுலயே இருக்கு. அப்புறம் 1889-ல சென்னை மாகாணத்துல நகரத் தொல்லைகளுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. தெருவுல குடிச்சிட்டுக் கலாட்டா பண்றவனைப் பிடிக்கிற நியூசன்ஸ் கேஸ்தான் ஜனங்க கண்ணுல அதிகம் பட்டுச்சு. அதனாலதானோ என்னவோ, நம்ம வாயில நியூசன்ஸ்னா ஆளைத் திட்டுற சொல்லா நின்னுடுச்சு.

ஆனா சட்டத்துல அந்தச் சொல் சாமானியன் பக்கமும் நிக்குது. 1980-ல மத்தியப் பிரதேசத்து ரத்லாம் ஊர் ஜனங்க, திறந்த சாக்கடை நாறுதுன்னு நகராட்சி மேல போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்துச்சு. பணம் இல்லைன்னு நகராட்சி சொன்னதை நீதிபதி கிருஷ்ணய்யர் ஒத்துக்கலை. பொதுத் தொல்லையை நீக்குன்னு மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 133-வது பிரிவு இடம் கொடுக்குது. அந்தப் பிரிவை வெச்சுத்தான் அவங்க ஜெயிச்சாங்க. 2024 ஜூலையில இருந்து அது புதுச் சட்டத்துல 152-வது பிரிவு.

இறால் பண்ணைங்க மேல வழக்குப் போட்டவர் நம்ம சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். விளைநிலத்தையும் உப்பள நிலத்தையும் இறால் குட்டையா மாத்தக் கூடாதுன்னு 1996 டிசம்பர் 11-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. 2005-ல தனிச் சட்டம் கொண்டுவந்து, பதிவு பண்ணிட்டு நடத்தலாம்னு ஆக்கிட்டாங்க. அது வேற கதை.

எங்க பக்கத்துக் குட்டை அந்தத் தீர்ப்புக்கு முன்னாடியே மூடிடுச்சு. இறாலுக்கு நோய் வந்து நஷ்டமாச்சு, அவ்வளவுதான். கேணித் தண்ணி பழையபடி வாயில வைக்கிற மாதிரி ஆக ஏழெட்டு மழைக்காலம் ஆச்சு. அப்பா அதைக் குடிச்சுட்டுத்தான் போனாரு.

அன்னிக்கு நான் அவருக்குச் சொன்ன அர்த்தம் பாதிதான். நியூசன்ஸ் அந்தக் குட்டைப்பா, நீ இல்லைன்னு சொல்லியிருக்கணும். உங்க தெருவுல சாக்கடை நாறுது, ஆலைப் புகை வருதுன்னு மனு கொடுக்கப் போய் யாராவது உங்களை நியூசன்ஸ்னு சொன்னா, திரும்பி வந்துடாதீங்க. அந்தச் சொல்லையே மனுவுல எழுதுங்க.