ஆட்டுப் பாலும் கோட்டை மதிலும்

நோய்களின் வரலாற்றை மருத்துவர்களின் வரலாறாகவே எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கிருமியைக் கண்டவர் பெயர், கண்ட ஆண்டு, அவர் பெற்ற பட்டம் என்பவற்றோடு பாடநூல் நின்றுவிடுகிறது. யாரைக் காப்பதற்காக ஆராய்ச்சி நடந்தது, யாருடைய வாசலில் அது நின்றுபோயிற்று என்னும் வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. கால்நடைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களைப் பொறுத்தவரை இவையே முதன்மையான வினாக்கள். திருகோணமலையில் வாழும் நாம் இவற்றை எழுப்பக் கடமைப்பட்டவர்கள். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இக்கோட்டையைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை துறைமுகத்தின் ஆழத்தை அளந்தனர். அதன் பின்புறத்தே தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் மாடும் எருமையும் மேய்த்தவர்களின் வாழ்வு அவர்களது அளவைக்குள் வரவில்லை.

அதே கடற்படையின் மற்றொரு துறைமுகம் மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா. அங்கு தங்கியிருந்த படையினரை ஒரு விந்தையான காய்ச்சல் வாட்டியது. ஏறும், இறங்கும், சில நாள் விட்டு மீண்டும் ஏறும். மாதக் கணக்கில் மூட்டுவலியும் வியர்வையுமாக ஆளை உருக்குலைக்கும். 1886இல் டேவிட் புரூஸ் என்னும் படை மருத்துவர் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் அதன் கிருமியைக் கண்டார். ஆனால், கிருமி எவ்வழியாக வருகிறது என்பது மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தெரியவில்லை. 1904இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டு நீர், தூசி, கழிவு, நுளம்பு என்று ஒவ்வொன்றாகத் தேடிற்று. ஆட்டை எவரும் ஐயுறவில்லை. ஆடுகள் நலமாகத் தோன்றின. வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுக்கப்பட்ட பால் தூயதென்றே கொள்ளப்பட்டது.

1905இல் தெமிஸ்டொக்கிளிஸ் சம்மிற் என்னும் மால்டா மருத்துவர் சோதனைக்காக வாங்கிய ஆடுகளின் இரத்தத்திலேயே நோயின் தடயத்தைக் கண்டார். தீவின் ஆடுகளில் ஏறத்தாழப் பாதி தொற்றுக்கு உள்ளானவை என்றும், பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளிவிடுகிறது என்றும் தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. (சம்மிற் பின்னாளில் அத்தீவின் தொல்கோயில்களை அகழ்ந்து புகழ்பெற்றார். நோயோ புரூஸின் பெயரால் ‘புரூசெல்லோசிஸ்’ ஆயிற்று. மண்ணின் மைந்தனுக்கு நோயின் பெயரிற்கூடப் பங்கில்லை.)

1906இல் படையினருக்கு ஆட்டுப் பால் தடைசெய்யப்பட்டது. 1905இல் தரைப்படையில் 643 பேரைப் பீடித்த காய்ச்சல், 1907இல் ஏழு பேரையே பீடித்தது. அறிவியலின் வெற்றி என்று இதனைக் கொண்டாடுவோர் கோட்டை மதிலுக்கு வெளியே நோக்குவதில்லை. மால்டா மக்கள் அதே பாலைக் குடித்தார்கள். அதே காய்ச்சலில் கிடந்தார்கள். பாலைச் சூடாக்கித் தூய்மை செய்யும் நிலையம் அங்கு 1938இலேதான் திறக்கப்பட்டது. மேய்ப்பர்கள் எதிர்த்தார்கள் என்பது உண்மையே. ஆட்டைத் தவிர வேறு உடைமையற்றவனிடம் அதுவே நோயின் ஊற்று என்று சொன்னால் அவன் எதிர்க்காமல் என்ன செய்வான்?

இனி நம் பட்டிகளுக்கு வருவோம். புரூசெல்லோசிஸ் நமது மாடுகளிலும் எருமைகளிலும் உண்டு. கன்று வீச்சு நோய் என்பது அதன் தமிழ்ப்பெயர். நமது சட்டித் தயிர் காய்ச்சிய பாலில் உறைவது; கொதித்த பாலில் இக்கிருமி தங்காது. நம் பாட்டிமார் கிருமியியல் படிக்காமலே ஊரைக் காத்திருக்கிறார்கள். ஆயின் பட்டிக்காரருக்கு அக்காப்பு இல்லை. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியிலும் கசிவிலும் கிருமி மலிந்திருக்கும். வெறுங்கையால் அதனை அகற்றுபவரின் தோல் வெடிப்பு வழியே அது உட்புகும். வயல் விதைக்கப்பட்டதும் காட்டோரத்துக்கும், அறுவடையானதும் தாளடிக்கும் ஓட்டப்படும் பட்டிகள் குளக்கரைகளில் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஒரு பட்டியின் நோய் மறு பட்டிக்குச் செல்ல வேறு வழி வேண்டியதில்லை. நெடுநாட் காய்ச்சலை மலேரியா என்று முடிவு கட்டும் வாய்ப்பும் இன்றில்லை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது.

படைகளின் உணவு நம் பட்டிகளைத் தீண்டிய நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. நாற்பதாண்டுகளுக்கு மேலாக இலங்கையில் இல்லாதிருந்த மாட்டு வெக்கை நோய் 1987இல் மீண்டும் புகுந்தது. இந்திய அமைதிப் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளே அதனைச் சுமந்து வந்தன என்பது கால்நடை மருத்துவ ஆய்வாளர்களின் கருத்து. வெக்கை மனிதரைத் தொற்றுவதன்று. ஆனால், நம் பிள்ளைகளுக்கு வரும் சின்னமுத்தின் கிருமி அதற்கு நெருங்கிய உறவு. பண்டைக் காலத்தில் மாட்டிலிருந்தே மனிதரிடம் வந்ததாக ஆய்வாளர் கொள்வர். மாடு இழந்தவர்களோ போருக்கிடையே ஏற்கெனவே வீடு இழந்தவர்கள். 2011இல் வெக்கை உலகினின்றே ஒழிக்கப்பட்டதென அறிவிக்கப்பட்டது. நாடுகள் அனைத்தும் சேர்ந்து தடுப்பூசியைக் கடைசிப் பட்டிவரை கொண்டுசென்றதனால் அது நடந்தது.

கன்று வீச்சு நோய்க்குப் பெண் கன்றுகளுக்கு இடும் தடுப்பூசி உண்டு. மனிதருக்கென நம்மிடம் தடுப்பூசி இல்லை. ஆகவே மாட்டின் நலனே மேய்ப்பவனின் நலனாகிறது. மிருக வைத்தியரின் ஏடும் ஆசுபத்திரியின் ஏடும் ஒரே மேசையில் விரிக்கப்படாமல் இந்நோயின் பரவலைக் கணிக்க இயலாது. விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடும் மூட்டுவலியோடும் வரும் பட்டிக்காரரிடம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “உங்கள் பட்டியில் இவ்வாண்டு எத்தனை மாடுகள் கன்று வீசின?” என்பதே.