றொசெல்லை மலையில் யாழ் ஆராய்ச்சி



உலகப் போட்டிகளில் பரிசு பெற்ற பியானோக் கலைஞர் ஒருவரைப் பல்கலைக்கழகம் அழைத்து, உறைவிடமும் ஊதியமும் நல்கி, மாணவரிடையே சில காலம் வாழச் செய்வது மேலை நாடுகளில் இன்று பெருவழக்கு. இசைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே அத்தகைய உறவு நம் நாட்டிலும் ஒருமுறை நேர்ந்தது. ஆனால் இங்கே வந்தவர் கையில் கருவி இல்லை. அவர் தேடிய கருவியோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்து போயிருந்தது. அவர் சுவாமி விபுலானந்தர், அக்கருவி யாழ்.

மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் வெற்றி பெற்றார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். தமிழும் பௌதிகமும் ஒருவரிடத்தே கூடிய இந்தச் சேர்க்கையே யாழ் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று என்பது என் துணிபு. துறவு பூண்டபின் 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அவ்விரு பீடங்களும் தமிழுக்காக ஏற்பட்டவை, இசைக்காக ஏற்பட்டவையல்ல. அவரோ சென்ற இடமெல்லாம் தம் யாழையும் உடன்கொண்டு சென்றார்.

கொழும்பில் பேராசிரியப் பணி. ஓய்வும் தனிமையும் வேண்டியபோது அவர் நாடிய இடம் மலைநாடு. நாவலப்பிட்டியிலிருந்து புகையிரதம் வட்டவளை மழையைக் கடந்து அட்டனை நோக்கி ஏறும் வழியில், அட்டனுக்குச் சற்று முன்னே றொசெல்லை என்னும் சிறு நிலையம் உண்டு. அங்கே தேயிலைச் சரிவுகளின் நடுவே தங்கி யாழ் நூலை எழுதினார். உடலோ நலிந்திருந்தது, எழுத வேண்டியதோ மலைபோல் குவிந்திருந்தது.

அவர் கைக்கொண்ட முறையைச் சற்று விளக்க வேண்டும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் அவர் அடிப்படையாகக் கொண்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 ஆக 22 அலகுகள் உரியன என்பது பழையோர் கணக்கு. பலர் இதனைப் பாட்டாக நெட்டுருச் செய்தனர். சுவாமிகளோ நரம்பின் நீளமாகக் கணித்தார். ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் குரலுக்கு இளி பிறக்கும். பியானோவிலும் இவ்வுறவு உண்டு. எனினும் 12 சுரங்களையும் ஒரே வட்டத்தில் சமமாக அடக்கும் பொருட்டு அங்கே இளியை மிகச் சிறிதளவு தாழ்த்தி வைக்கிறார்கள். மலைநாட்டுத் துரைமார் மாளிகைகளில் ஒலித்த பியானோவுக்கும் சுவாமிகள் தாளில் மீட்டிய யாழுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சிறு அளவிலேதான் அடங்கியிருந்தது.

வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் உறுப்புகளையும் அமைப்பையும் அவர் ஆராய்ந்தார். பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் நூல் நிறைந்தது. அவர் கொண்ட முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்த ஆய்வாளர் ஏற்றாரல்லர். அஃது ஆராய்ச்சியின் இயல்பு.

இங்கே ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவரும் தமிழரே. விடியலில் அவர்களைப் பெரட்டுக்கு அழைத்தது தப்பின் ஓசை. மாசியில் இரவெல்லாம் ஆடியது காமன் கூத்து. தமிழிசையின் தொன்மை அம்மலையில் எழுதப்பட்ட காலத்தில், கொழுந்து பறித்தோரின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் எட்டாத தொலைவாயிருந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. யாழ் நூல் நரம்புக் கருவியின் நூல். அதில் தப்பைத் தேடுவது முறையன்று. ஆயினும் றொசெல்லையை நினைக்குந்தோறும் இரண்டு ஓசைகளும் என் செவியில் சேர்ந்தே ஒலிக்கின்றன.

1947 யூன் 5, 6 ஆகிய நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நூல் அரங்கேறியது. சுவாமிகளின் கணிப்பின்படி புதிதாகச் செய்யப்பெற்ற யாழை வித்துவான் க. பொ. சிவானந்தம் பிள்ளை மீட்டினார். தாளில் எண்ணாகக் கிடந்தது அவையோர் செவியில் இசையாயிற்று.

ஆறு வாரங்களே கழிந்தன. யூலை 19 அன்று கொழும்பில் சுவாமிகள் மறைந்தார். அவரது திருவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவரே வளர்த்த சிவானந்த வித்தியாலயத்து வளவில் அடக்கம் செய்யப்பெற்றது.