ஒரு மறுப்புக் கடிதம் பிறந்த கதை

சீனப் பேரரசர் சியன்லாங், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு 1793-இல் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். எங்களிடம் எல்லாமே இருக்கிறது, உங்கள் சரக்கு எங்களுக்குத் தேவைப்படாது என்பது அதன் சாரம். உலகம் போகும் போக்கு தெரியாத ஒரு கிழவரின் ஆணவப் பேச்சு என்றுதான் நெடுங்காலமாக அதைச் சொல்லி வருகிறார்கள். கடிதம் பிறந்த விதத்தைப் பார்த்தால், அது அநியாயமான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது.

எல்லாம் தேயிலையால் வந்தது. 1784-இல் பிரிட்டன் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆகக் குறைத்தது. குடிப்பவர்கள் பெருகினார்கள். தேயிலைக்கு விலையாகச் சீனர்கள் வெள்ளி கேட்டார்கள். பிரிட்டனின் கம்பளித் துணிக்கு அங்கே பெரிய கிராக்கி இல்லை. போதாக்குறைக்கு, 1757 முதல் ஐரோப்பியர்களுக்குக் கான்டன் துறைமுகம் ஒன்றுதான் திறந்திருந்தது. அங்கும் அரசு அனுமதித்த சில வணிகர்கள் மூலமாகவே கொடுக்கல் வாங்கல். இதைப் பற்றிப் புகார் சொல்ல 1759-இல் தியான்ஜின் வரை போன கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஜேம்ஸ் பிளின்ட்டை மக்காவில் மூன்று ஆண்டு சிறை வைத்தார்கள்.

இந்தப் பூட்டைத் திறக்க 1792 செப்டம்பரில் கப்பலேறிய தூதர், சென்னைக்குப் பழக்கமான மெக்கார்ட்னி பிரபு. 1781 முதல் 1785 வரை இங்கே கவர்னராக இருந்தவர். துணைக்குப் போன ஜார்ஜ் ஸ்டான்டனும் இங்கே அவரிடம் செயலாளராக இருந்தவர்தான். 1784-இல் திப்பு சுல்தானிடம் மங்களூர் உடன்படிக்கை பேசப் போனவர்களில் ஒருவர். கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் இயந்திரம், தொலைநோக்கி, வெட்ஜ்வுட் பீங்கான், 110 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பலின் மாதிரி என்று பரிசுகள் கப்பலில் குவிந்திருந்தன. அந்த மாதிரிக் கப்பலை விளையாட்டுப் பொருளாகப் பேரரசர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

செங்தே கோடைக்கால அரண்மனைத் தோட்டத்தில், ஒரு பெரிய கூடாரத்தில், 1793 செப்டம்பர் 14 விடிகாலையில் சந்திப்பு நடந்தது. மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி நிலத்தில் பட வணங்குவதுதான் அங்கே மரபு. மெக்கார்ட்னி ஒரு காலை மட்டும் மடித்து மண்டியிட்டு, மன்னரின் கடிதம் வைத்த பெட்டியை நீட்டினார். ஸ்டான்டனின் பன்னிரண்டு வயது மகன் தாமஸ், வழியில் பாதிரிமாரிடம் கற்றுக்கொண்ட சீன மொழியில் பேசினான். 82 வயதை எட்டவிருந்த பேரரசர் மகிழ்ந்துபோய், தம் இடுப்பில் தொங்கிய பட்டுப் பையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தார்.

ஆனால் பதிலின் முதல் வரைவு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே தயாராகியிருந்தது. தூதரின் முகத்தைப் பார்ப்பதற்கு ஆறு வாரம் முன்பே! ஆகவே, வணங்க மறுத்த கோபத்தில் எழுதியது என்ற கதை நிற்காது. அக்டோபர் 3 அன்று முதல் கடிதம் பெய்ஜிங்கில் தூதர் கைக்கு வந்தது. தலைநகரில் நிரந்தரத் தூதர் கிடையாது என்றது அது. நிங்போ, தியான்ஜின், ஜோஷான் துறைமுகங்களையும், ஜோஷான் அருகே சரக்கு வைக்க ஒரு சிறு தீவையும் தூதர் கேட்டிருந்தார். இரண்டாவது கடிதம் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தது.

அதே நாட்களில் கடலோர மாகாணங்களின் ஆளுநர்களுக்கும் பேரரசரின் கட்டளைகள் பறந்தன. ஆங்கிலேயர்கள் ஜோஷானைப் பிடிக்கப் பார்க்கலாம், காவலைப் பலப்படுத்துங்கள், படையின் மிடுக்கு அவர்கள் கண்ணில் படட்டும், உள்ளூர் வணிகர்களோடு அவர்களைச் சேரவிடாதீர்கள் என்பது அவற்றின் சாரம். இது உலகம் தெரியாதவர் செய்கிற வேலையா? 1639-இல் சென்னைக் கடற்கரையில் வணிகத்துக்கென்று இடம் வாங்கிய கம்பெனி என்னவாக வளர்ந்தது என்பதைப் பார்த்த நாமாவது, அந்தச் சிறு தீவை அவர் மறுத்ததில் இருந்த விவேகத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடிதத்தின் இன்றைய புகழ் பிந்தி வந்தது. அன்று அரண்மனையில் இருந்த ஐரோப்பியப் பாதிரிமார் அதைக் கடுமை குறைத்து லத்தீனில் பெயர்த்துக் கொடுத்தார்கள். ஆங்கில எழுத்தாளர்களான பேக்ஹவுஸும் பிளாண்டும் 1914-இல் தங்கள் நூலில் வெளியிட்ட ஆங்கில வடிவம்தான் அதை உலகெங்கும் கொண்டுபோனது. அப்போது சியன்லாங்கின் சிங் வம்சம் வீழ்ந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. வீழ்ந்தவர்களின் அறியாமைக்குச் சான்று தேடியவர்களுக்கு அது வசதியாகக் கிடைத்தது. 1920-களில் அரண்மனை ஆவணங்களிலிருந்து சீன அறிஞர்கள் தேர்ந்தெடுத்து அச்சிட்டவையும் பெரும்பாலும் சடங்கு, வணக்கம் பற்றியவை. கடற்காவல் கட்டளைகள் பின்னுக்குப் போயின. தூதுக்குழு பற்றிய பெய்ஜிங் ஆவணங்கள் பெருந்தொகுப்பாக அச்சேறியது 1996-இல்தான்.