போலீஸ் ஏலத்தில் கார் எடுக்கப் போறீங்களா? கையைத் தூக்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

‘மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதல் செய்யப்பட்ட கார்கள், பைக்குகள் பொது ஏலம்’ - மாவட்டச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் அறிவிப்பு இது. ஷோரூம் விலையைக் கேட்டாலே தலை சுத்தும் நேரத்தில், ‘ஒன்றரை லட்சத்துக்கு ஸ்விஃப்ட் போச்சாம்’ என்று நண்பர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் பாஸ், அந்த ஒன்றரை லட்சம் ஏல விலை மட்டும்தான். கார் உங்கள் பெயருக்கு மாறி, ரோட்டில் ஓடும் நிலைக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவுதான் அதன் நிஜ விலை.

என்னென்ன ஏலம்?

முதல் வகை, போலீஸ் பறிமுதல் செய்த வாகனங்கள். இவற்றை மாவட்ட எஸ்.பி அலுவலகமோ, மாநகரக் காவல்துறையோ ஏலம் விடும். பெரும்பாலும் ஆயுதப்படை மைதானத்தில் நேரடியாக நடக்கும். இரண்டாவது வகை, அரசுத் துறைகள் ‘கழிவு’ செய்த ஜீப், கார்கள். இவை நேரடி ஏலத்திலும் வரும். மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி-யின் இணையதளத்தில் ஆன்லைன் ஏலத்திலும் வரும்.

இரண்டாவது வகையில் ஒரு சிக்கல் இருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில்தான் உடைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ‘ஸ்கிராப்’ என்று அறிவிப்பில் இருந்தால், அந்த கார் ஓட்டுவதற்கு அல்ல. விலையைப் பார்க்கும் முன்பு இந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்க.

டெஸ்ட் டிரைவ் கிடையாது

ஏலத்தில் கார் ‘உள்ளது உள்ளபடியே’ விற்கப்படும். கேரன்டி கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஏலத்துக்கு முன்பு பார்வையிட நேரம் ஒதுக்குவார்கள். அப்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கையோடு கூட்டிப் போங்க.

மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற கார் அது. பேட்டரி செத்திருக்கும், டயர் வெடிப்பு விட்டிருக்கும், பிரேக் துருப்பிடித்திருக்கும், வயரிங்கை எலி கடித்திருக்கலாம். ஸ்டெப்னி, ஸ்டீரியோ எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்க. சாவியே இல்லாத காரும் ஏலத்துக்கு வரும்!

பேப்பர்தான் முக்கியம்

இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். பேப்பர் சரியில்லை என்றால் கார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். காரில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஏலப் பட்டியலில் இருப்பவையும் ஒன்றா என்று பாருங்க. வண்டி நம்பரை எம்-பரிவாஹன் ஆப்பில் போட்டு, பதிவு எப்போது முடிகிறது, பழைய லோன் நிலுவையில் இருக்கிறதா, அபராத சலான் பாக்கி உண்டா என்று பாருங்க. லோனோ சலானோ இருந்தால், அதை யார் தீர்ப்பது என்று ஏலம் நடத்தும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்க.

பெயர் மாற்றத்துக்குத் தனி வழி இருக்கிறது. அரசு ஏலத்தில் எடுத்த வண்டிக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் விதி 57-ன்படி, வண்டி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் படிவம் 32-ல் ஆர்.டி.ஓ-விடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி, இன்ஷூரன்ஸோடு, விற்பனையை உறுதிசெய்யும் சான்றும், ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசாணையின் சான்றளிக்கப்பட்ட நகலும் வேண்டும். இந்த இரண்டையும் வாங்காமல் மைதானத்தைவிட்டு நகராதீங்க. அப்புறம் வாங்கிக்கலாம் என்று விட்டால், அலைச்சல் உங்களுக்குத்தான்.

நம்பர் பிளேட் இல்லாத, போலி நம்பர் வைத்த வண்டிகளும் வரும். அவற்றுக்கு, ஏலம் விட்ட துறையின் பெயரில் முதலில் புது நம்பர் ஒதுக்கி, பிறகு உங்கள் பெயருக்கு மாற்ற இதே விதி வழி செய்கிறது. வழி இருக்கிறதுதான், ஆனால் பொறுமையும் வேண்டும்.

எவ்வளவு வரை கேட்கலாம்?

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்க. அதே மாடல், அதே வருஷத்து நல்ல கார் வெளியே 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

* ரிப்பேர்: 60,000
* டோ செய்ய: 5,000
* இன்ஷூரன்ஸ், ஆர்.டி.ஓ செலவு: 20,000
* எதிர்பாராத செலவு: 25,000

மொத்தம் 1,10,000. மிச்சம் 1,90,000. அதற்குள் ஜி.எஸ்.டி-யும் அடங்க வேண்டும். 18 சதவிகிதம் என்றால், நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை சுமார் 1,60,000. இதற்கு மேல் போனால் ஏலத்துக்கு வந்ததில் அர்த்தமே இல்லை.

ஏல நாளில்…

* ஆதார், பான் கார்டு, முன்பணம் எவ்வளவு, எந்த வடிவில் என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கும். ஏலம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வந்துவிடும்.
* போலீஸ் ஏலங்களில் பெரும்பாலும் முழுப் பணத்தையும் உடனே கட்டச் சொல்வார்கள். தவறினால் முன்பணம் போய்விடும். லோனை நம்பிக் கையைத் தூக்காதீங்க.
* பக்கத்தில் பழைய வண்டி வியாபாரிகள் நிற்பார்கள். உதிரிபாகத்தை விற்றே லாபம் பார்க்கிறவர்களோடு போட்டிக்கு நிற்க வேண்டாம்.
* ‘ஏலத்துக்கு முன்னாடியே முடிச்சுத் தர்றேன், ஜி-பே பண்ணுங்க’ என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.
* எடுத்த காரை அங்கிருந்தே ஓட்டி வர வேண்டாம். இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருக்கும் வாய்ப்பு அதிகம். டோ செய்து நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்புங்க.

உச்ச விலையை ஒரு பேப்பரில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்க. ஏலம் அதைத் தாண்டியதும் பேசாமல் கிளம்பிடுங்க. அடுத்த ஏல அறிவிப்பு வராமலா போய்விடும்?