பட்டுச் சதுரம் கூறும் வரலாறு

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஓலைச்சுவடியுமே முதற்கண் நினைவுக்கு வருகின்றன. மன்னர்களும் வணிகர்களும் தங்கள் புகழ் நிலைக்க வேண்டுமென்று கருதியே இவற்றை ஆக்கி வைத்தனர். ஆனால், நிலைக்க வேண்டும் என்ற எண்ணமே இன்றி, அன்றாடப் பயனுக்கென ஆக்கப்பட்ட பொருள்களும் உள. ஒரு காலத்து மக்கள் எதை விரும்பினர், எதற்கு அஞ்சினர், எதை இழந்து வருந்தினர் என்பதை அப்பொருள்கள் தம்மை அறியாமலே கூறிவிடுகின்றன. மேலை நாட்டு மகளிர் கழுத்திலும் தலையிலும் அணிந்த, 'ஸ்கார்ப்' எனப்படும் பட்டுக் கழுத்துக்குட்டை அத்தகையதொரு சான்றாகும்.

பெயர்பெற்ற ஓவியர்களும் ஆடை வடிவமைப்பாளர்களும் வரைந்த பழைய கழுத்துக்குட்டைகளைத் தேடிச் சேர்ப்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர். பழம்பொருட் சந்தைகளிலும் ஏலக்கூடங்களிலும் அவர்களைக் காணலாம். செல்வர்களின் வீண் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. விலையை மட்டுமே கருதிச் சேர்ப்போருக்கு அக்கூற்று பொருந்தவும் கூடும். எனினும், நூறு கிராம் எடையும் தேறாத அந்தத் துணிச் சதுரத்தை ஓர் ஆவணமாகக் கருதிப் படிப்போருக்கு அது பல நூற்றாண்டுக் கதையை விரித்துரைக்கும்.

லியோன் நகரமும் நெசவாளரும்

அக்கதை பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தில் தொடங்குகிறது. இத்தாலியப் பட்டுக்காக நாட்டின் பொன் வெளியேறுவதைத் தடுக்க எண்ணிய பதினோராம் லூயி மன்னர், 1466ஆம் ஆண்டில் அந்நகரில் பட்டு நெசவை நிறுவ முயன்றார். அம்முயற்சி உடனே வேரூன்றவில்லை. 1536ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னர் வழங்கிய சலுகைகளுக்குப் பின்னரே தொழில் நிலைபெற்றது. 1804ஆம் ஆண்டில் ஜாக்கார்டு என்பார், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கோலங்களை நெய்யும் தறியை உருவாக்கினார். உயரமான அத்தறிகளை நிறுத்துவதற்கேற்ற உயர்ந்த கூரையுடைய வீடுகள் குருவா ரூஸ் குன்றின்மீது எழுந்தன.

அவ்வீடுகளில் நெய்தோர், 'கனுட்' என்று அழைக்கப்பட்ட ஏழை நெசவாளர்கள். அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் பட்டு நெய்து கொடுத்த அவர்கள், தங்கள் உழைப்புக்கு உறுதியான குறைந்த அளவுக் கூலி வேண்டுமென்று கோரி 1831ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்தனர். 1834ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தபோது படைவலியால் ஒடுக்கப்பட்டனர், குருதி சிந்திற்று. பட்டின் மென்மையை மட்டும் அறிந்தவர்கள் அதன் பின்னே நின்ற இக்கடுமையை அறியார்.

அடுத்து வந்த இடர், பட்டுப்புழுவைத் தாக்கிய 'பெப்ரின்' என்னும் நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் பட்டுப்புழு வளர்ப்பை அது சீரழித்தது. 1865ஆம் ஆண்டில் ஆலே வட்டாரத்துக்கு அனுப்பப்பட்ட அறிவியலறிஞர் லூயி பாஸ்டர், நுண்ணோக்கியின் துணையால் நோயற்ற முட்டைகளைப் பிரித்தறியும் வழியைக் கண்டார். ஆயினும், பிரான்சின் புழு வளர்ப்பு பழைய நிலைக்கு மீளவில்லை. சீனம், ஜப்பான் ஆகிய நாடுகளின் கச்சாப் பட்டையே லியோன் பெரிதும் நம்பியிருக்க நேர்ந்தது. கிழக்காசியாவிலிருந்து வந்த இழை பிரான்சில் துணியாகி, உலகெங்கும் அணியப்பட்டது. இத்தொடர்பு அறுந்தால் என்னாகும் என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டவிருந்தது.

சதுரத்தின் பிறப்பு

1935ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் தொழில் நடத்திய இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி, தம்மைப் பற்றி வெளிவந்த செய்தித்தாள் நறுக்குகளை ஒட்டி இணைத்து, அதனையே துணியில் அச்சிடச் செய்தார். கோபன்ஹேகன் நகரில் மீன் விற்கும் மகளிர் செய்தித்தாளை மடித்துத் தொப்பியாக அணிந்திருந்த காட்சியே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது. துணியும் பேசும் ஊடகமாக முடியும் என்பதை அச்செயல் உணர்த்திற்று.

இரண்டாண்டுகள் கழித்து, 1937ஆம் ஆண்டில், ஹெர்மேஸ் நிறுவனத்தின் முதற்பட்டுச் சதுரம் வெளிவந்தது. 1837ஆம் ஆண்டில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அதன் தலைவராயிருந்த எமில் ஹெர்மேஸின் மருமகன் ராபர்ட் துய்மா அச்சதுரத்தை உருவாக்கினார். பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர் உடைய அத்துணியில், குதிரைகள் இழுத்துச் செல்லும் பழைய பேருந்துகள் வட்டமாகச் சுற்றிவர, நடுவே சிலர் விளையாடிக்கொண்டிருக்கின்றனர். பாரிஸ் நகரில் 1828ஆம் ஆண்டில் குதிரைப் பேருந்துகள் ஓடத்தொடங்கின. அவற்றை நடத்திய நிறுவனங்களுள் ஒன்றன் பெயர் 'வெண்ணிற மங்கையர்' என்பது. அக்காலத்தை நினைவூட்டும் பழைய பலகை விளையாட்டு ஒன்றைத் தழுவியே துய்மா இச்சதுரத்தை அமைத்தார். உந்து வண்டிகள் நிறைந்துவிட்ட காலத்தில், மறைந்துபோன குதிரை வண்டி பட்டில் மீண்டும் ஓடியது. எமில் ஹெர்மேஸும் இளமை முதலே பழம்பொருள்களைச் சேர்த்தவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒருவரின் சேகரிப்பு ஆர்வம் மற்றொரு சேகரிப்புக்கு வித்திட்டது.

ஒரு சதுரம் உருவாகும் முறையை அறிந்தாலன்றி அதன் மதிப்பு விளங்காது. முந்நூறு பட்டுக்கூடுகளின் இழை அதற்கு வேண்டும் என்பர். அவ்விழை சாய்வரிகள் தெரியும் 'ட்வில்' நெசவாக நெய்யப்படுகிறது. ஓவியர் வரைந்த படத்தைச் செதுக்குநர் கூர்ந்து நோக்கி, வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே வரைவார். சிக்கலான படமாயின் இதற்கே பல நூறு மணி நேரம் செல்லும். பின்னர் வண்ணத்துக்கு ஒரு திரைச்சட்டம் என அமைத்து, நீண்ட மேசையில் விரித்த பட்டின்மீது ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் சாயத்தை இழுப்பர். ஒரு சட்டம் இம்மியளவு விலகினாலும் படம் கெடும். ஆவியில் வைத்துச் சாயத்தை நிலைப்படுத்தி, அலசி உலர்த்திய பின், ஓரத்தைக் கையால் சுருட்டிச் சுருட்டி ஊசியால் தைத்து முடிப்பர்.

இத்தனை கைகள் உழைத்தும், துணியின் ஓரத்தில் காண்பது நிறுவனத்தின் பெயரே. ஹியூகோ கிரிக்கார் என்னும் ஓவியர் 1959ஆம் ஆண்டில் மறையும் வரை ஹெர்மேஸ் நிறுவனத்துக்குப் பல சதுரங்களை வரைந்தார். 1957ஆம் ஆண்டில் அவர் குதிரைக் கடிவாளங்களை வரைந்து அமைத்த சதுரம் இன்றும் புகழுடன் விளங்குகிறது. எனினும், அவர் வரைந்தவற்றுள் பலவற்றில் அவர் பெயரைக் காண இயலாது. பிற்காலத்தில் அதே நிறுவனத்துக்கு வரைந்த அமெரிக்க ஓவியர் கெர்மிட் ஆலிவர், டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரில் அஞ்சலகத்தில் இரவுப் பணி செய்தவர். கடிதங்களைப் பிரித்தடுக்கிய அக்கைகளே உலகின் விலையுயர்ந்த பட்டுகளுக்குப் படம் வரைந்தன. அவற்றை அணிந்தோருள் அதனை அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

போர்க்காலத்துப் பட்டு

இரண்டாம் உலகப் போர் பட்டின் நிலையைத் தலைகீழாக்கியது. வான்குடைகளுக்குப் பட்டு இன்றியமையாததாயிற்று. 1941ஆம் ஆண்டில் ஜப்பானுடன் நடந்த வணிகம் நின்றதும், அமெரிக்காவுக்குக் கச்சாப் பட்டு வருவதும் நின்றது. பிரிட்டனில் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுக்குரிய ஆடைகளை ஆளுக்கு 66 கூப்பன்களுக்குள் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலையில், இலண்டன் நகரத்து ஜாக்மார் நிறுவனம் வெளியிட்ட கழுத்துக்குட்டைகள் சேகரிப்பாளர்களால் இன்று பெரிதும் தேடப்படுகின்றன. ஆர்னால்டு லீவர் என்னும் வடிவமைப்பாளர் அந்நிறுவனத்தின் போர்க்காலப் படங்கள் பலவற்றை வரைந்தார். படைப்பிரிவுகளும் அரசின் சுவரொட்டி முழக்கங்களும் அவற்றில் அணியாக மாறின. கூப்பன் பங்கீட்டையே கருவாகக் கொண்டு '66 கூப்பன்கள்' என்னும் பெயரிலும் ஒன்று வெளிவந்தது. பட்டு கிடைக்காதபோது ரேயான் துணியில் அச்சிட்டனர். பட்டில் தொடங்கிய ஒன்று ரேயானாக மாறியிருப்பதைத் தொட்டுணரும் மாணவர்க்குப் போர்க்காலப் பற்றாக்குறையைப் பற்றித் தனியே பாடம் நடத்தத் தேவையில்லை.

போரில் பட்டு வேறொரு வகையிலும் பயன்பட்டது. எதிரி நாட்டில் சிக்கிக்கொள்ளும் விமானிகள் தப்பி வருவதற்கென, பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஒரு பிரிவு பட்டில் நிலப்படங்களை அச்சிட்டு வழங்கிற்று. தாளைப் போல் பட்டு சலசலப்பதில்லை, நனைந்தாலும் கிழிவதில்லை, உள்ளங்கைக்குள் மடங்கிவிடும். போர் முடிந்தபின் எஞ்சிய நிலப்படங்களை வாங்கி மகளிர் ஆடையாகவும் கழுத்துக்குட்டையாகவும் தைத்துக்கொண்டனர். உயிர் காக்கப் பிறந்த துணி அழகுக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் வேரா நியூமன் என்னும் ஓவியர், உணவு மேசை விரிப்புகளைத் திரையச்சில் உருவாக்கி விற்று வந்தார். போர்க்காலத்தில் லினன் துணி அரிதாகிவிட, படைத்துறை கழித்துவிட்ட வான்குடைப் பட்டு அவருக்குக் கிடைத்தது. அதிலே தம் ஓவியங்களை அச்சிட்டுக் கழுத்துக்குட்டை ஆக்கினார். மூலையில் தம் பெயரையும் இட்டார். எளிய விலைக்கு விற்ற அவை எண்ணற்ற இல்லங்களை அடைந்தன. எனவே, சேகரிப்பு செல்வர்க்கே உரியது என்னும் கருத்துக்கு வேராவின் படைப்புகள் மறுப்பாக நிற்கின்றன.

ஆஷர் தம்பதியரின் கதையும் உருக்கமானது. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த சிக்கா ஆஷரும் அவர் மனைவி லிடாவும், தாயகம் நாசிகளின் கைக்குள் வீழ்ந்த 1939ஆம் ஆண்டில் இலண்டனில் அடைக்கலம் புகுந்தனர். ஏதிலியராய் வந்த அவர்கள் அங்கே துணி நிறுவனம் தொடங்கி, அக்காலத்துப் பெருங்கலைஞர்களிடம் பட்டுச் சதுரத்துக்குப் படம் வரைந்து தருமாறு வேண்டினர். ஹென்றி மாட்டிஸ், ஹென்றி மூர், ஜீன் காக்டோ முதலானோர் இசைந்தனர். வரையறுத்த எண்ணிக்கையில் அச்சிடப்பட்ட அச்சதுரங்கள், 1947ஆம் ஆண்டில் இலண்டன் லெபெவ்ர் கலைக்கூடத்தில், ஓவியங்களைப் போலவே சட்டமிட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. இடிபாடுகளும் பங்கீடும் நீங்காத ஒரு நகரத்தில், கழுத்தில் அணியும் துணி கலையாக மதிக்கப்பட்டது.

படிக்கத் தெரிந்த கண்

பழைய கழுத்துக்குட்டையைச் சேர்ப்பவர் வரலாற்றாசிரியரின் பழக்கங்களைத் தாமும் கைக்கொள்ள வேண்டியவராகிறார். முதலாவது, காலம் கணித்தல். புகழ்பெற்ற படங்கள் பல்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வண்ணங்களில் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டுள்ளன. ஆதலின், படம் வரையப்பட்ட ஆண்டு வேறு. கையிலுள்ள துணி அச்சான ஆண்டு வேறு. பழைய நூலுக்கும் அதன் பிற்காலப் பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒத்தது இது. இரண்டையும் குழப்புவோர் ஏமாறுவர்.

இரண்டாவது, மெய்ம்மை தேர்தல். போலிகள் மலிந்த துறை இது. பெயரை எவரும் அச்சிட்டுவிடலாம்; கையால் சுருட்டித் தைத்த ஓரத்தின் உருட்சியையும், கோடுகளின் கூர்மையையும், நெசவின் கனத்தையும் போலி செய்வது அரிது. எந்த உழைப்பாளர்களின் பெயர் துணியில் இல்லையோ, அவர்களுடைய கைத்திறனே அத்துணி உண்மையானது என்று சான்று பகர்கிறது. பெயரை மட்டும் படிப்பவர் ஏமாறும் இடத்தில், கைத்திறனைப் படிப்பவர் ஏமாறுவதில்லை.

மூன்றாவது, பேணிக் காத்தல். பட்டு என்பது புரதம். ஒளி பட்டால் அதன் வண்ணம் மங்கும், இழையும் வலுவிழக்கும். நெடுநாள் ஒரே மடிப்பில் கிடந்தால் மடிந்த இடத்திலேயே இற்றுப்போகும். வியர்வையும் நறுமணத் தைலமும் கறை படுத்தும், பூச்சியும் அரிக்கும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் பட்டினை அமிலமற்ற தாள் இட்டு, மங்கிய ஒளியில், குறுகிய காலமே காட்சிக்கு வைக்கின்றன. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பேரரசுப் போர் அருங்காட்சியகம் போன்றவை இத்தகைய துணிகளைக் காத்து வருகின்றன. ஆயினும், இவற்றுட் பல அங்கே வந்து சேர்வதற்கு முன், எங்கோ ஓர் இல்லத்தில் யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்பதை மறத்தலாகாது.

துணியோடு அதன் வரலாற்றையும் எழுதி வைத்தலே சேகரிப்பின் நிறைவு. எங்கே வாங்கப்பட்டது, யார் அணிந்தார், எந்நாளில் அணிந்தார் என்னும் குறிப்பு இல்லாத துணி, முகவரி கிழிந்த கடிதம் போன்றது. அழகு எஞ்சியிருக்கும், சொல்ல வந்த செய்தியில் பாதி போய்விடும்.

குன்றின்மீது கூலிக்குப் போராடிய நெசவாளர், நுண்ணோக்கியில் கண் பதித்த அறிஞர், நாடிழந்து வந்த தம்பதியர், கூப்பனை எண்ணி வாழ்ந்த மகளிர், பெயர் பொறிக்காத ஓவியர் ஆகிய இத்தனை பேரும் ஒரு சதுரத் துணிக்குள் அடங்கியுள்ளனர். விலையைக் கேட்டு அத்துணியை மடித்து வைப்பவர்க்கு அவர்கள் தென்படமாட்டார்கள். யார் நெய்தார், யார் வரைந்தார், எந்நாளில் அணிந்தார் என்று கேட்பவர்க்கே தென்படுவர். அக்கேள்விகளைக் கேட்கக் கற்ற மாணவர்க்குப் பட்டுத்தான் வேண்டுமென்பதில்லை; தம் இல்லத்துப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழந்துணியும் வரலாற்று ஏடாகிவிடும்.